ஏழு விடுபட்ட முகவரி

"அனுப்பினா திரும்பி வருதுங்க மேடம்,
உங்க பெட்டி ரொம்பிடுச்சாம்" என்கிறார்
வங்கியில் கடன் பார்க்கும் ஜெயசீலன்.
மஞ்சக்குப்பத்தில் மழை.
கலெக்டர் விடுமுறை விட்டது பள்ளிக்குத்தான்,
நான் மழை விட்டதும் போகவேண்டும்.
அதுவரை
பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அடியிலிருந்து தொடங்கினேன்.
'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால்'
என்றது முதல் மெயில்.
அனுப்பவில்லை. ஒன்றும் ஆகவில்லை.
அல்லது
ஆனதெல்லாம் அதனால்தானோ.

வேலை தேடித் தரும் தளம்
பதினோரு வருடமாக, நாளுக்கு ஐந்து முறை,
என்னை வெல்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது.
கல்யாணத் தளம்:
'உங்கள் விவரத்தை மூவர் பார்த்தனர்.'
மூவரில் ஒருவர்
அடுத்த அறையில் குறட்டை விடுகிறார்.
புயலில் கரண்ட் போன வாரம்
மின்வாரியம் அனுப்பிய கட்டண நினைவூட்டல்
நட்சத்திரம் குத்தி வைத்திருக்கிறேன், சண்டை போட.
போடவில்லை. இருக்கட்டும்.
கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ
நாற்பத்தொரு துண்டு.
பசுமாடு படியேற மறுப்பது மட்டும் ஆறு துண்டு.
அழி.

பிறகு அவள்.
என் பெயர்தான் அவளுக்கும், அமலோற்பவம்.
முத்தியால்பேட்டையில் இருக்கிறாள்.
முகவரியின் கடைசியில் அவளுக்கு ஓர் ஏழு உண்டு.
சொல்ல மறக்கிறாளா,
எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்களா, தெரியாது.
அவளுக்கு வருவதில் பாதி எனக்கு வருகிறது.

கடைவாய்ப் பல்லுக்கு வியாழன் நாலரை மணி.
மகன் ரெனே கணக்கில் தேறவில்லை, பெற்றோர் வரவும்.
பிரெஞ்சு வகுப்பு, முதல் நிலை, பணம் பாக்கி.
அடுத்த வருடம்
மறுபடியும் முதல் நிலை.
ஒருமுறை துணிக்கடைக்கு எழுதினேன், நான் அவரில்லை என்று.
'நன்றி அமலோற்பவம்,
உங்கள் சுடிதார் நாளை வந்து சேரும்.'

தென்பெண்ணையில் வெள்ளம் வந்த வருடம்
எங்கள் தெருமுனையில் ஒதுங்கியது
சு.தனம் என்று பேர் வெட்டிய தூக்குவாளி.
யாரோ மதில்மேல் எடுத்து வைத்தார்கள்.
எடுத்துப் போகவும் ஆளில்லை
எறியவும் மனமில்லை.
மூன்று மாதம் அங்கேயே இருந்தது, மழைநீர் பிடித்துக்கொண்டு.
அப்படித்தான் இவையும் என்று சொல்லிக்கொண்டேன்.

அதில் ஒன்று மட்டும் படித்ததாகக் கிடக்கிறது.
நான்கு வருடம் முன்பு திறந்தது நான்தான்.

'அமலா, வீடு வித்த காசுல
உன் பங்கு எங்கிட்ட பத்திரமா இருக்கு.
உன் அண்ணி அன்னைக்குப் பேசினது தப்பு.
பக்கத்துல நின்னும் நான் வாயத் தொறக்கல.
பதில் போட்டா வரேன்.
போடலன்னா புரிஞ்சுக்கிறேன்.
அந்துவான்.'

அடுத்தவர் கடிதத்தைப் படித்த கூச்சத்தில்
உடனே மூடினேன்.
அந்தக் கூச்சம்
அன்று பெரிய நாகரிகம் போலிருந்தது.
பதில் போகவில்லை.
அவர் புரிந்துகொண்டிருப்பார்
நான்கு வருடமாக
தப்பாக.

பெறுநர் கட்டத்தில் என் பெயரை எழுதி
ஏழைத் தட்டினேன்.
மன்னிக்கவும் என்று ஆரம்பித்து
வெள்ளம், தூக்குவாளி வரை போய்
எல்லாவற்றையும் அழித்தேன்.
'இது உங்களுடையது.
தாமதம் என்னால்.'
அனுப்பு.

போகவில்லை.
பெட்டி நிறைந்திருக்கிறதாம்.
அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டியில்
முப்பது நாள் குடியிருக்குமாம்,
மனம் மாறினால் எடுத்துக்கொள்ள.
இப்போதே காலி செய்யவா என்கிறது.
மீட்க முடியாது என்கிறது.
வெல்டர் வேலைகள், மாடு, பத்துப் பேர் சாபம்,
போ, எல்லாம் போ.

மறுபடி அனுப்பு.
போயிற்று.

மழை விட்டுத் தாழ்வாரம் மட்டும் சொட்டுகிறது.
ஜெயசீலனின் கடன் பத்திரம் வந்து விழுந்தது.
அதன் தலைமேலேயே பல் ஆஸ்பத்திரி:
'அமலோற்பவம், ஆறு மாதம் ஆகிவிட்டது,
ஒருமுறை வந்து காட்டுங்கள்.'
அழிக்கப் போன விரலை நிறுத்தி
ஏழு சேர்த்து அனுப்பிவிட்டு
குடையைத் தேடினேன்.