பெயருக்கு நேரே

மானேஜர் சேலத்துக்கு இறங்கிய வியாழக்கிழமை
பீரோவிலேயே சாவி தொங்கியது.
ரகசியக் குறிப்பேடு. ஆளுக்கு ஒரு வரி, இங்கிலீஷில்.
ஏணி பிடிக்கும் வெள்ளச்சிக்கு நேரே ஒரு சொல்.
ரைட்டர் கோதண்டபாணி, அதாவது எனக்கு நேரே, இன்னொன்று.
பங்காளிச் சொற்கள். முகச்சாயல் தெரிந்தது.
அட்டை கிழிந்த அகராதி
இரண்டுக்கும் ஒரே பொருள் சொன்னது:
அடிமைத்தனமான.

அப்புறம் எதற்கு இரண்டு?
மையை வீணாக்குகிற ஆளில்லை அவர்.
பென்சிலைக்கூட நான்தான் சீவி வைக்கிறேன்,
கேட்காமலே.

சில்வர் ஓக்கில் முப்பதடி உயரத்தில்
அவள் புருசன் மிளகு பறிப்பான்.
கீழே வெள்ளச்சி முதுகை வளைத்து
ஏணிக்கு அண்டை கொடுப்பாள்.
நில்லு என்றால் மழையிலும் நிற்பாள்.
ஜீப் வந்தால் கும்பிடுவாள், ஒற்றைக் கையால்.
மற்றது ஏணியில்.
நாலரைக்குச் சங்கு.
நிமிர்வாள். முதுகெலும்பு சொடக்குவிடும் சத்தம்
ஆபீஸ் வரைக்கும் கேட்கும்.

எனக்குச் சங்கு கிடையாது.
அவர் அஞ்சு ரோட்டில் இருந்து போனில் பேசுகிறார்,
நான் இங்கே எழுந்து நின்று
சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொள்கிறேன்.

போன வைகாசியில் சேர்வராயன் குகைக்குள்
எல்லோரும் குனிந்துதான் போனோம்.
பாறை தாழ்வு, வேறு வழியில்லை.
வெளியே வந்ததும் வெள்ளச்சி நிமிர்ந்தாள்.
நான் பொரிகடலைக் கடை வரைக்கும்
குனிந்தே நடந்தேனாம்.
கடைக்காரன் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறான்.

சாயங்காலம் எடை.
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
"கோவிச்சுக்காதீங்க சாமி,"
தலையைத் தொங்கப்போட்டபடியே அவள்,
"இன்னொருக்கா வைங்க. முள்ளு சரியில்ல."

அந்த முள்ளை ரெண்டு கிலோ
பின்னுக்கு இழுத்து வைத்தது நான்.
மானேஜர் சொல்லவில்லை.
ஒருநாளும் சொன்னதில்லை.
தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று
நானாகத்தான்.

முள்ளை விட்டேன். நாற்பத்திமூன்று.
அடித்து எழுதினேன்.
அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்,
இப்போதும் ஒற்றைக் கையால்.
மற்றதில் காலிச் சாக்கு.

குறிப்பேட்டை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.
அகராதிக்குத் தெரியாதது
அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது.

போன் அடிக்கிறது.
உட்கார்ந்தே எடுத்தால் என்ன
என்று நினைத்து முடிப்பதற்குள்
பின்னால் நகர்ந்துவிட்டது
நாற்காலி.