மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையில்

இரவு எட்டு மணிக்கு
தூன் நகரின் முதியோர் இல்லத்தில், இரண்டாம் மாடியில்,
பன்னிரண்டு கிண்ணங்களில்
பன்னிரண்டு பேரின் பற்கள் என்னிடம் வந்து சேரும்.

தொட்டியில் முதலில் தண்ணீர் நிரப்ப வேண்டும்,
கை தவறினாலும் உடையாமலிருக்க.
பற்பசை கூடாது, கீறிவிடும்.
மெல்லிய பிரஷ், ஒரு சொட்டுச் சவர்க்காரம்,
அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தை இன்னொரு தடவை.
ஹெர் சூர்புகனின் கீழ்த்தட்டில்
எப்போதும் ஒரு ராஸ்பெரி விதை.
அதை எடுக்காமல் வீட்டுக்குப் போக மனம் வராது.

வீட்டில்
பாதி இரவுகள் நான் பல் தீட்டியதில்லை.
சப்பாத்தைக் கழற்றினேனா என்பதே
காலையில்தான் தெரியும்.

பல் வைத்தியர், சின்னப்பெண்,
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
கடைவாய்ப் பற்களின் முகடுகள் தேய்ந்து
அம்மிபோல் தட்டையாய்க் கிடந்தன.
"இரவில் எதைக் கடிக்கிறீர்கள்?"

விசா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு,
வந்த பிறகு கடன் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு.
தட்டுத்தடுமாறி ஜெர்மனில் சொன்னேன்.
சிரித்துவிட்டாள்.
"எங்களிடமும் அப்படியே ஒரு சொல் உண்டு.
அதனால்தான் என் தொழில் ஓடுகிறது."

கால் முறிந்தால் காப்புறுதி வரும்,
காய்ச்சலென்றாலும் வரும்,
பல்லென்றால் பல்லிளிக்கும்.
இரவுக்கவசம் எழுநூற்று இருபது பிராங்,
நான்கு தவணை.
இலவசமாய்க் கிடைத்தது ஒரே ஒரு வரி:
உதடுகள் சேரட்டும், பற்கள் சேர வேண்டாம்.

மஞ்சள் துண்டில் தமிழில் எழுதி
என் அலுமாரிக் கதவில் ஒட்டினேன்.
"பிரார்த்தனையா?" என்றாள் மீர்யேட்டா.
அப்படித்தான் என்றேன்.

வியாழக்கிழமை, பணிப்பட்டியலோடு வந்தாள் ரெகுலா.
"இந்த ஞாயிறும் வருவாய்தானே, சுகிர்தா?"
பதினொரு வருடமாய் அதே 'தானே'.
பழக்கத்தில் தாடை இறுகியது.
மஞ்சள் துண்டு ஞாபகம் வந்தது.
பிரித்தேன்.
அரிசி அளவு இடைவெளிதான்,
அதற்குள்ளால் 'இல்லை' வந்தது,
முதலில் தமிழில்.
பிறகு அவளுக்கும் விளங்கும் மொழியில்.

ரெகுலா பென்சிலால் எதையோ அழித்தாள்.
சரி என்றாள்.
அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆறு
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

அன்றும் பன்னிரண்டு கிண்ணம், அதே ராஸ்பெரி விதை.
வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி,
இரண்டு நிமிடம் நின்று தீட்டினேன்.
கடைசி இரு பற்களின் இடுக்கில் நூல் சிக்கியது.
மெல்ல ஆட்டி இழுத்தேன்.

பாதிக் கடுகு.
மத்தியானம் நான் தாளித்தது.