பொய் மீன்

ஐத்துத்தாக்கியை விட்டு ஐந்தாம் இரவு.
அபூர்வமாய் வாய்த்த மேற்குக் காற்று.
இரண்டு ஓடங்களையும் பிணைத்த கயிறுகள்
முனகிக்கொண்டே வருகின்றன.
சுக்கான் துடுப்பில் மாரா.

சுவாதி எழுந்து, ஏறி, வடக்கே சாய்ந்தாயிற்று.
அது எழுந்த இடத்தில்
இன்னொரு மீன்.
பச்சை.
அரை நாழிகை பார்த்தோம், ஏறவில்லை.
கடல் விளிம்பில் பிறந்த எதுவும்
ஏறாமல் இருந்ததில்லை.

"தீவா?"
தெபாயேரு கண்ணை மூடினாள்.
புறப்பட்ட தீவை முதுகிலும்
வராத தீவை முகத்திலும் வைத்து
நடுவில் எங்களை விரற்கடை விரற்கடையாக
நகர்த்திக்கொண்டிருப்பவள்.
ஐந்து இரவாய்க் கோழித்தூக்கம்.
"இங்கே தீவு இல்லை.
ராயாத்தேயா இன்னும் இரண்டு பகல்."

கிட்டே போனால் ஒரு மூங்கில் தெப்பம்.
மேலே சோற்றுப் பானையளவு மிதவை,
நெற்றியில் சூரியத் தகடு, ஒரு எண்,
விட்டு விட்டு எரியும் விளக்கு.
கீழே இருபது பாகம் வலை.
மீன்களை நிழலுக்குக் கூட்டிவைக்க
எந்தக் கப்பலோ மிதக்கவிட்டுப் போனது.
மீன் பிடிக்க ஒரு பொய் மீன்.

வலைக்குள் ஒரு சுறா,
செத்து மூன்று நாளிருக்கும்.
வலைக்கு வெளியே ஒரு தெருவே குடியிருந்தது.
கொட்டலசு, நண்டுக் குஞ்சு,
விரல் நீள வரிமீன்கள்.
அறுத்தால் அவற்றுக்கு வீடில்லை.
விட்டால் அடுத்த சுறா.

ஙாத்தோக்கோ, எங்கள் சமையல்காரர்,
கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே
சேம்பு மூட்டைகளை ஓரம் தள்ளி
இடம் பண்ணினார்.
அதுதான் முடிவு.

பாய் இறக்கி விடியும்வரை இழுத்தோம்.
உள்ளங்கைத் தோல் வலையோடு போயிற்று.
கடல் எங்களை மேற்கே திருடிக்கொண்டிருந்தது.
தெபாயேரு மட்டும் கயிற்றைத் தொடவில்லை.
ஓடத்தின் அடியில் மல்லாந்து,
முதுகால் அலையைக் கேட்டு,
இழந்த தூரத்தைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மிதவை இப்போது தளத்தில் கிடந்து கண்சிமிட்டுகிறது.
நாங்கள் இருக்கும் இடம்
அதற்கு அடி பிசகாமல் தெரியும்.
எங்களிடம் சொல்லாது.
வானத்துக்குச் சொல்கிறது,
வானம் எவருடைய திரைக்கோ சொல்கிறது.
பார்க்கட்டும் அவர்,
தன் பொறி நீரோட்டத்தை எதிர்த்து
கிழக்கே நடப்பதை.

மறு இரவு மாரா சட்டையைக் கழற்றி
அதன்மேல் போர்த்தினான்.
இந்த வெளிச்சத்தில் மீன் தெரியவில்லையாம்.

வலை நாறுகிறது.
அதன்மேல்தான் எல்லோருக்கும் படுக்கை.

காலையில் வாளி இறக்கக் குனிந்தேன்.
இரண்டு ஓடங்களுக்கும் நடுவே, தளத்தின் நிழலில்,
அதே வரிமீன்கள்.
முப்பத்தொன்று.
உச்சிவேளையில் எண்ணினேன், இருபத்தாறு.

தெபாயேருவிடம் சொன்னேன்.
"மெதுவாய்ப் போகச் சொல்கிறாயா,
இந்தக் காற்று கிடைத்திருக்கும்போது?"
எனக்குப் பதில் வரவில்லை.
குனிந்து பார்த்தாள்.
சிரிக்காமல் எழுந்து போய்ப்
பாய்க்கயிற்றை
ஒரு முழம் தளர்த்தினாள்.