தொண்டையடைச்சான்

குப்பனூர் வழியாக மலையேறும் சாலையை
அகலப்படுத்துகிறார்கள்.
விழப்போகும் மரங்களை எண்ணி எழுதுவது என் வேலை.
மரத்துக்கு ஒரு வரி:
பெயர், சுற்றளவு, வயது, மதிப்பு.
சில்வர் ஓக் நாற்பத்தொன்று. பலா ஒன்பது.
கொடியேறிய கல்யாண முருங்கை பதினாறு,
மிளகுக்குத் தனி விலை, விட்டுவிடக் கூடாது.

கொட்டச்சேடு தாண்டி
வெள்ளச்சியின் ஒன்றரை ஏக்கரில்
பேனா நின்றுவிட்டது.

"இது என்ன மரம்?"
"தொண்டையடைச்சான்" என்றாள்,
காயவைத்த காபிக்கொட்டையிலிருந்து தலை தூக்காமல்.
செயின்மேன் தவசியப்பன் சிரித்தார்.
அட்டவணையில் பெயரில்லாத மரத்துக்கு
விறகு விலைதான். டன் கணக்கு.

இலையைப் பார்த்தேன். மாவிலை நீளம், மாவிலை இல்லை.
கிளை நுனியில் மட்டும் கொத்தாகக் கூடி
மிச்சக் கிளையை மொட்டையாக விட்டிருந்தது.
நகத்தால் கீறினேன்.
பால்.
ஆலா, அத்தியா என்றால்
பழம் அப்படியில்லை. காம்பில் தனித்தனியாகத் தொங்கியது,
பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் பாதி வழியில்,
நுனியில் ஒரு கிளிமூக்கு.

கடித்துப் பார்த்தேன்.
பால் பசையாகி உதடு ஒட்டிக்கொண்டது.
இப்போதுதான் நிமிர்ந்தாள்.
"அவசரப்பட்டா வாயடைக்கும், பழுத்தா தொண்டையடைக்கும்.
அரிசிப் பானையில அஞ்சு நாள் வை.
வெரல் பதியணும்."

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் ஏது அரிசிப் பானை?
ஏழு பழத்தையும் கோப்பு அலமாரியில் வைத்தேன்,
'நிலுவை' என்று எழுதிய கட்டுக்குப் பின்னால்.

ஆறாம் நாள் தோல் விரலோடு வந்தது.
உள்ளே வெந்த முட்டையின் மஞ்சள் கரு,
அதே நிறம், அதே மாவு.
கனகாம்புஜம் மேடம் சுத்த சைவம்,
மோந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டார்.
தவசியப்பன் ஒரே வாயில் போட்டு
விக்கி, கண் பிதுங்கி, சைகையால் தண்ணீர் கேட்டார்.
வெள்ளச்சி வைத்த பெயர்
ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கீழே டீக்கடை ஜபருல்லாதான் அதைப் பழமாக்கினான்.
காய்ச்சி ஆறிய பால், நாட்டுச் சர்க்கரை,
ஒரு ஏலக்காய், மிக்ஸியில் ஒரு சுற்று.
மேடம் இரண்டு டம்ளர் குடித்தார்,
என்ன பழம் என்று கேட்காமல்.

ஏற்காட்டுப் பண்ணைக்கு போன் போட்டேன்.
"விதை எப்படி இருக்கு சார்?"
பழுப்பு. கடைந்தெடுத்த மரச்செப்பு மாதிரிப் பளபளப்பு.
ஒரு பக்கம் மட்டும்
வார்னிஷ் அடிக்க மறந்த நீள வடு.
"அப்ப முட்டைப்பழம். சப்போட்டாவுக்குப் பங்காளி.
கடல் தாண்டி வந்தது, எந்தத் துரை நட்டாரோ."
துரை நட்டதோ, வௌவால் துப்பியதோ,
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

அட்டவணையில் முட்டைப்பழமும் இல்லை.
சப்போட்டா இருந்தது.
பங்காளிக்குப் பங்கு உண்டுதானே?
காய்க்கும் மரம், ஆண்டுக்கு முந்நூறு பழம் என்று எழுதினேன்.
'உள்ளூர்ப் பெயர்' என்றொரு கட்டம்.
பதினோரு வருஷத்தில்
அதில் நான் மை வைத்தது அன்றுதான்.

காசோலையோடு போனபோது
மரம் இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது.
வெள்ளச்சி தொகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்,
மடித்து இடுப்பில் செருகினாள்.
"கொண்டுபோன வெதை என்னாச்சு?"
மேசை டிராயரில் கிடக்கிறது என்றேன்.
"ஓட்டைப் பக்குவமா ஒடைச்சு ஊனு.
ஓட்டோட போட்டா மாசக் கணக்கில் தூங்கும்."

அவளுடையது தூங்கவில்லை.
பால் பாக்கெட்டுகளில் பன்னிரண்டு கன்று,
துளிர் செம்பு நிறத்தில்.
நீங்க கல் நட்ட அன்னிக்கே போட்டது என்றாள்.

பிறகு, சரிவின் மேல்பக்கம் கையைக் காட்டி,
விலை கேட்கிற குரலில் கேட்டாள்:
"அடுத்த தடவை அகலம் பண்ணும்போது
எதுவரைக்கும் வருவீங்க?
அதுக்கு மேல நடணும்."

தவசியப்பன் என்னைப் பார்த்தார்.
பையிலிருந்து சங்கிலியை எடுத்து
மேட்டைப் பார்த்து விரிக்க ஆரம்பித்தார்.