பந்திக்குப் பிந்து

வெள்ளைப் பலகையில் பதினான்கு படைப்பிரிவுகள்.
ஒவ்வொன்றின் எதிரிலும் மிச்சமுள்ள இடங்களின் எண்ணிக்கை.
மதிப்பெண் வரிசையில் தொண்ணூற்று மூன்று பேர் நிற்கிறோம்,
நான் தொண்ணூற்றிரண்டாவது.
ஓட்டத்தில் கொஞ்சம் போனது,
வரைபடத்தில் நிறையப் போனது.

ஜூலை மாத ஜார்ஜியா.
பூட்ஸ் எல்லாம் செம்மண்.

பதினோரு வருடம் சமையல் சார்ஜன்ட்.
அதிகாலை மூன்று மணிக்கு முட்டைத்தூளைக் கரைத்து
அறுநூறு பேரை எழுப்பியது
எக்காளம் அல்ல, என் காப்பி வாசம்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்றவர்
படையில் ஒருவேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார்.
இங்கே அதிகாரி கடைசியில்தான் தட்டெடுப்பார்.
அதனால் அகப்பையின் இந்தப் பக்கமிருந்து
எனக்கு அதிகாரிகளைத் தெரியும்.
தோள்பட்டையை நான் பார்த்ததில்லை.
கொப்பரை காலியாகும்போது
முகம் என்ன செய்கிறது,
அதை மட்டும் பார்த்தேன்.

லெப்டினன்ட் ஓஸ்டர்மன்
ஒரு கோழித்துண்டைத் தனியே வைக்கச் சொல்லிக் கண்ணடித்தார்.
வைத்தேன். கழுத்துத் துண்டு.

கேப்டன் மெக்ரேவி,
மணற்காற்று கூடாரத்தைப் பிய்த்த இரவில்
அடிப்பிடித்த பீன்ஸைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிட்டு
"புகை வாசம் பிரமாதம், சார்ஜன்ட்" என்றார்.
மறுநாள் நான் அதிகாரியாக மனு எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
பீன்ஸ் என்று எழுதவில்லை.

எனக்கு வேண்டியது பொறியாளர் பிரிவு.
பாலம் கட்ட வேண்டும்.
செய்தது அடுத்த வேளைக்குள்
செரித்துப் போகாத ஒரு வேலை.

முதலாமவன் காலாட்படை என்றான், கைதட்டல்.
அடுத்தவள் ஹெலிகாப்டர்.
ஒரு ஈரத்துணி எண்களைத் துடைத்துக்கொண்டே வந்தது.
நாற்பதாவது ஆளோடு பாலங்கள் தீர்ந்தன.
அறுபதில் டாங்கிகள், எழுபத்தெட்டில் பீரங்கி.
அடி சுரண்டும் சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

என் முறை வந்தபோது மிச்சம் இரண்டு.
வழங்கல் ஒன்று, ரசாயனம் ஒன்று.

"சமையல்காரி வழங்கலுக்குத்தான்" என்றது ஒரு குரல்.
நியாயம்தான், அது என் பிறந்த வீடு.
ஆனால் முன்னாள் சமையல்காரி ஒருத்தி
எனக்கு அதிகாரியாக வந்திருந்தால்
ஒவ்வொரு சூப்பிலும் மூக்கை விட்டிருப்பாள்.
பின்னால் டில்மன் வேறு நிற்கிறான்,
இருபத்து மூன்று வயது, வியர்த்த கழுத்து.
முகமூடி மாட்டிக்கொண்டு வராத விஷத்துக்குக் காத்திருக்கும் வேலையை
அவன் தட்டில் எப்படிப் போடுவது?
நல்ல துண்டு அவனுக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.
நினைத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது,
மறைப்பானேன்.

"ஹால்வர்சன்!"
"ரசாயனம், சார்."

துணி நகர்ந்தது.
யாரோ பழக்கத்தில் கைதட்டி
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் டில்மன் சொன்னான்:
"சார்ஜன்ட், நான் வேதியியல் படித்தவன்.
எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.
யாரும் தொடமாட்டார்கள் என்று
நிம்மதியாக மெதுவாக ஓடினேன்."

மாற்றிக்கொள்ள வழியில்லை.
கையெழுத்து ஏற்கெனவே காய்ந்திருந்தது.

அன்றிரவு சாப்பாட்டு வரிசையில்
நாங்கள் இருவரும் கடைசி.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு அவன்: "அறுநூறு பேருக்கு எத்தனை முட்டை?"
"ஆயிரத்து இருநூறு. கைதவறலுக்கு நாற்பது."
அவன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
"விஷவாயு மேலே போகுமா, கீழே வருமா?"
"பெரும்பாலும் கீழே. பள்ளத்தில் தேங்கும்."

வரிசை நகர்ந்தது.
மக்ரோனி இருந்த இடத்தில்
விளிம்போரம் காய்ந்த ஒரு மஞ்சள் கோடு.
அகப்பை பிடித்திருந்த பையன்
நிமிர்ந்து
என் முகத்தைப் பார்த்தான்.