ஆறிலிருந்து ஒன்பது வரை

உட்லண்ட்ஸ். பின்னிரவு இரண்டேகால்.
சில்லு ஆலையின் பின்பக்கம், மூன்றாம் எண் தொட்டி.
தூய நீர் தயாரிக்கும் தூண்களைக் கழுவிய அமிலம்
பகலெல்லாம் குழாய்வழி இறங்கி
இங்கே கிடக்கிறது.
மானியில் பூஜ்யம் புள்ளி மூன்று.

பள்ளியில் காரம் என்று படித்தபோது
மிளகாயைத்தான் நினைத்தேன்.
இங்கே வந்த முதல் வாரம்
கையுறை கிழிந்து விரலில் பட்டது.
எரியவில்லை.
வழுக்கியது, சோப்பைப் போல.
உன் கொழுப்பைத்தான் சோப்பாக்குகிறது என்று
லோ சியூ ஹூன் என் கையை இழுத்துப்போய்
தண்ணீரின் கீழ் பிடித்து வைத்தாள்,
பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து.
"அமிலம் கத்தும். உடனே தெரியும்.
இது அப்படி இல்லை லா."

வால்வைத் திறக்கிறேன்.
காஸ்டிக் சோடா இறங்குகிறது.
கலக்கி சுழல்கிறது.
முதல் ஒரு மணி நேரம் எண் அசையாது.
புள்ளி மூன்று. புள்ளி மூன்று. புள்ளி நான்கு.
ஊற்றியதையெல்லாம் குடித்துவிட்டு
ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள்.
பொறுமை போய் வால்வை முழுக்கத் திறப்பார்கள்.
இரண்டைத் தாண்டிவிட்டால் வழுக்குப்பாறை.
ஒரு குவளை கூடிப்போனாலும்
பதினொன்றில் போய் நிற்கும்.
பிறகு காரத்துக்கு அமிலம்,
அந்த அமிலத்துக்குக் காரம்,
தொட்டி விளிம்பைத் தொடும்வரை.

சேந்தனும் நானும் ஓராண்டு அப்படி ஓடினோம்.
அவன் கத்துவான், நான் வழுக்குவேன்.
பிறகு அளவுக்கு மீறிய மன்னிப்பு,
அந்த மன்னிப்பின் மேல் கோபம்.
ஐந்தாண்டு ஆகாமல் வீவக வீட்டை விற்க முடியாது.
அதனால் யீஷூனில், பதினோராம் மாடியில்,
அறைகளைப் பிரித்துக்கொண்டோம்.
அவனுக்குப் பகல் வேலை, எனக்கு இரவு.
குளிர்பதனப் பெட்டியில் பால் மட்டும் பொது.

இதைச் சொன்னபோது சியூ ஹூன்
மானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"இரண்டு பேரை இரண்டு போத்தலில் ஊற்றி
பேர் எழுதி ஒட்டாதே.
நீ கத்தி நான் கேட்டிருக்கிறேன்."
பிறகு மைலோ கலக்கப் போய்விட்டாள்.

டிசம்பர் மழை தகரக்கூரையில்.
நீரிணைக்கு அப்பால் ஜொகூர் விளக்குகள்
கரைந்து கரைந்து திரும்பி வருகின்றன.
தொட்டியின் சுவரில் உள்ளங்கை வைக்கிறேன்.
வெதுவெதுப்பு.
இரண்டும் சந்திக்கும் இடத்தில்
இவ்வளவு சூடு வெளியே வரும்.
சண்டையின் சூடா, தீர்ந்ததின் சூடா,
கைக்குத் தெரியாது.
குளிருக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

விளிம்பில் வெள்ளையாய்க் காய்ந்திருப்பது உப்பு.
கணக்குப்படி சமையலறை உப்புதான்.
ஆனாலும் இதுவரை யாரும்
நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

ஒன்று. ஒன்று புள்ளி ஆறு.
வால்வை முக்கால்வாசி மூடுகிறேன்.
இரண்டு.
இனிச் சொட்டுச் சொட்டாக.
ஒரு சொட்டு, பிறகு கலக்கிக்கு நேரம்.
ஒரு சொட்டு.
மூன்று புள்ளி ஒன்று.
அவசரப்படாதே என்று யாரிடம் சொல்கிறேன்?
ஒரு சொட்டு.
எட்டு புள்ளி இரண்டு.

"ஏழு வரலையே அக்கா," என்கிறான்
மூன்றே நாளான ஹஃபீஸ்.
ஏழை யார் கேட்டார்கள்?
பொதுச் சாக்கடைக்கு ஆறிலிருந்து ஒன்பது வரை.
அதற்குள் எங்கே நின்றாலும் விடலாம்.
ஏழைத் துரத்திக்கொண்டு இங்கே
எத்தனை இரவு விடிந்திருக்கிறது தெரியுமா?
அவன் குறிப்பேட்டில் எழுதுகிறான்.
நான் கையெழுத்துப் போடுகிறேன்.
கீழ் வால்வு திறந்து
தொட்டி மெல்லப் பெருமூச்சு விடுகிறது.

காலையில் கதவைத் திறக்கிறேன்.
சேந்தன் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருக்கிறான்.
"பால் தீர்ந்துடுச்சு."
"வாங்கிட்டு வந்திருக்கேன்."
மழை இன்னும் விடவில்லை.
என் குடையைப் பார்க்கிறான்.
"நனைஞ்சிருக்கு," என்கிறேன்.
"பரவாயில்ல," என்று
வாங்கிக்கொண்டு போகிறான்.
கைப்பிடியில் என் உள்ளங்கைச் சூடு
மின்தூக்கி வரும்வரையாவது இருக்கும்.