இரண்டு மணிக் கட்டம்

கனகராயன்குளம் தாண்டி
ஏ-ஒன்பது வீதியிலிருந்து உள்ளே ஒரு கட்டை,
இருபத்திரண்டு கட்டில்.
தானாய்ப் புரள ஏலாதவர் ஒன்பது பேர்.
இரவில் தயாநிதியும் நானும்.
ஒரு திங்கள் தயாநிதிக்குக் காய்ச்சல். நான் மட்டும்.

கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கும்.
இடம், வலம், மல்லாக்க.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
ஆளைப் புரட்டி, முழங்காலுக்கிடையில் தலையணை வைத்து,
குதிக்கால் மெத்தையில் படாமல் உயர்த்திவிட்டு
கட்டத்துக்குள் ஒரு கையெழுத்து.
அட்டைக்கு முதுகு இல்லை.
எழுதினால் நம்பும்.

மார்க்கண்டர் பதினேழாம் கட்டில்.
பாரிசவாதம் இடப்பக்கத்தைக் கொண்டுபோய் மூன்று வருஷம்.
முப்பத்தெட்டுக் கிலோ.
அதற்குள்ளும் எலும்புக்கென்று ஒரு பாரம்,
கீழே மட்டும் போகத் தெரிந்த பாரம்.

செவ்வாய் காலை உடம்பு துடைக்கையில் கண்டேன்,
நாரிக்குக் கீழே சிவப்பு.
விரலால் அழுத்தி எடுத்தேன்.
வெளுக்க வேண்டும், வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும்.
வெளுக்கவில்லை.
நுளம்புக் கடி என்று எனக்கு நானே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தோல் ஈரக் கடதாசிபோல உரிந்தது.
அடுத்த கிழமை ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
அதற்கடுத்த கிழமை மணம்.
சாப்பாட்டு நேரத்தில் பதினெட்டாம் கட்டில் அருளப்பர்
கோப்பையோடு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்,
கோபத்தில் அல்ல, மரியாதையாக.

காற்று மெத்தை ஒன்று உண்டு எங்களிடம்.
சுவரில் அதற்கொரு சலவைக்கல்:
அன்பளித்தவர் பெயர், அவர் தாயார் பெயர், திகதி.
கல்லில் ஒரு கீறலும் இல்லை.
மெத்தையில் சைக்கிள் கடை ஒட்டு இரண்டு.
கரண்ட் போன இரவுகளில் அது வெறும் பாய்.

மாங்குளத்திலிருந்து மிஸி வந்தா.
கடதாசி அடிமட்டம் வைத்து
நீளம் நாலு, அகலம் மூன்று என்றா.
பிறகு பஞ்சுக் குச்சியை ஓரத்தால் விட்டா.
தோலுக்கடியில் அது போனது,
போய்க்கொண்டே இருந்தது.
"வாய்தான் சின்னன். உள்ளுக்குப் பெரிய வளவு."
நாளுக்கு இரண்டு முட்டை குடுங்கோ என்றா.
எங்களுக்கு முட்டை புதன்கிழமை.

மார்க்கண்டர் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள்.
முத்தையன்கட்டுக் குளக்கட்டில் முப்பத்தொரு வருஷம்
நண்டுப் பொந்து, முள்ளம்பன்றிப் பொந்து தேடி நடந்தவர்.
காய்ச்சலில் எந்த ஓவசியரோடோ வாதாடினார்:
"மேலால மண் போட்டு மூடாதேங்கோ ஐயா,
உள்ளுக்கு வெறுமை.
அடியிலயிருந்து இடிச்சுக்கொண்டு வாங்கோ."
மிஸி அப்போது சேலைனில் நனைத்த துணியை
அடியிலிருந்துதான் நிரப்பிக்கொண்டிருந்தா.
அவர் சொன்னது அவவுக்குக் கேட்கவில்லை.
அவ செய்தது அவருக்குத் தெரியாது.
நான் தட்டைப் பிடித்திருந்தேன்.
தட்டு ஆடியது.

வவுனியாவிலிருந்து மகன் வந்தான்.
முகத்தைப் பார்த்தான்.
"அப்பர் தெளிவாயிருக்கிறார்."
போர்வையை உயர்த்திக் காட்டவா என்றேன்.
பஸ்சுக்கு நேரமாகுது என்றான்.
அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தத் திங்கள் இரவு
பன்னிரண்டுக்குப் புரட்டினேன். அது உண்மை.
இரண்டு மணிக் கட்டமும் நாலு மணிக் கட்டமும்
விடிய ஐந்தரைக்கு எழுதியவை,
ஒரே பேனை, ஒரே அழுத்தம்,
இடம், வலம்.

இடையில்
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
பன்பாயில் கிடந்தேன்.
எத்தனை தரம் புரண்டிருப்பேனோ,
யாரும் என்னைப் புரட்டாமல்,
யாரும் அதை எழுதாமல்.
எழும்பியபோது பாயின் கோடுகள்
முழங்கையில் சிவப்பாய் இருந்தன.

தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்குமுன்
அவை மறைந்துவிட்டன.